ஷிகோனின்: வேரிலிருந்து கலனுக்கு வந்த சாயம் – ஒரு நிகழ்வு ஆய்வு

தாவரத்தின் சிறு துணுக்கை வெட்டியெடுத்து, அதன் மேலுள்ள நுண்ணுயிர்களை நீக்கி, சர்க்கரையும் உப்புகளும் வைட்டமின்களும் வளர்ச்சி ஹார்மோன்களும் கலந்த ஊடகத்தில் வைத்தால், அது வேர், தண்டு, இலை என்ற அடையாளங்களை இழந்து கேலஸ் என்னும் செல்திரளாகப் பெருகத் தொடங்கும். அந்தத் திரளை நீர்ம ஊடகத்தில் இட்டு இடைவிடாமல் ஆட்டிக்கொண்டிருந்தால், சிறு சிறு கொத்துகளாகப் பிரிந்து மிதவை வளர்ப்பாக மாறும். இவ்வாறு வளரும் செல்கள், தாய்த்தாவரம் செய்யும் மருந்துப் பொருள்களையும் சாயங்களையும் நமக்காகச் செய்து தருமா என்ற கேள்வி மிகப் பழையது. நுண்ணுயிர்களை வளர்ப்பதுபோலத் தாவரச் செல்களையும் நீர்மத்தில் வளர்த்துப் பொருள்களைப் பெறலாம் என்ற கருத்துக்கு அமெரிக்காவில் 1956-ஆம் ஆண்டிலேயே காப்புரிமை வழங்கப்பட்டுவிட்டது. ஆனால் அதற்குப் பின் வந்த கால் நூற்றாண்டின் பெரும்பாலான முயற்சிகள் ஒரே மாதிரி முடிந்தன: செல்கள் நன்றாக வளர்ந்தன, தேடிய பொருள் மட்டும் மிகச் சொற்பமாக இருந்தது, அல்லது அறவே இல்லை.

இந்த ஏமாற்ற வரிசையிலிருந்து விலகி, தொழிற்சாலைக் கலன் வரை முதலில் சென்று சேர்ந்த பொருள் ஷிகோனின். அது ஏன் வென்றது, அந்த வெற்றியை வேறு பொருள்களுக்கு எவ்வளவு தூரம் நீட்டலாம் என்பதே இந்த ஆய்வின் பொருள்.

வேரும் அதன் நிறமும்

ஜப்பானில் முராசாகி என்று அழைக்கப்படும் லித்தோஸ்பெர்மம் எரித்ரோரைசான் என்ற செடியின் வேர்ப்பட்டையில் இந்தச் செந்நிறப் பொருள் சேர்கிறது. உலர்ந்த வேர் அங்கே ஷிகோன் எனப்படும். ஷிகோனின் என்ற பெயர் அதிலிருந்து வந்தது. துணிக்கு ஊதா நிறம் ஏற்றவும், தீப்புண்ணுக்கும் தோல் புண்ணுக்கும் களிம்பு செய்யவும் இந்த வேர் நெடுங்காலமாகப் பயன்பட்டது. பழைய ஜப்பானிய அரசவையில் ஊதா உயர்ந்த பதவியின் நிறமாக இருந்ததால், சாயத்துக்கு இருந்த மதிப்பைச் சொல்ல வேண்டியதில்லை. அதன் வேதியமைப்பைத் தேடிய தொடக்ககால ஆய்வுகளில் முக்கியமானது, ஜப்பானின் முதல் பெண் அறிவியல் பட்டதாரிகளுள் ஒருவரான குரோடா சிக்கா 1918-இல் முன்வைத்தது. நாஃப்தோகுயினோன் என்ற நிறமிக் குடும்பத்தைச் சேர்ந்த இந்தப் பொருளுக்கு, ஐரோப்பிய அல்கன்னா வேரில் கிடைக்கும் அல்கன்னின் கண்ணாடிப் பிம்ப வடிவமாகும்.

இரண்டு தகவல்கள் இங்கே முக்கியம். முதலாவது, வேரில் போதிய நிறம் சேரச் செடி பல ஆண்டுகள் மண்ணில் இருக்க வேண்டும். அப்போதும் உலர்ந்த வேரில் 1 முதல் 2 விழுக்காடு அளவுக்கே ஷிகோனின் வகைப் பொருள்கள் கிடைக்கும். இரண்டாவது, ஜப்பானில் காட்டுச் செடி அருகிப்போனது. பயிராக வளர்ப்பதும் எளிதாக இல்லை. தேவை பெரும்பாலும் சீனாவிலிருந்தும் கொரியாவிலிருந்தும் வந்த வேர்களை நம்பியிருந்தது. வரத்து நிச்சயமில்லாத, விலை உயர்ந்த, சிறிய அளவிலேயே தேவைப்படும் ஒரு பொருள். திசு வளர்ப்புக்கு ஏற்ற இலக்கு எது என்று கேட்டால், பொருளாதாரத்தின் பக்கத்திலிருந்து வரும் விடை ஏறக்குறைய இதுதான்.

சிவந்த கேலஸும் வெளுத்த கேலஸும்

கியோட்டோ பல்கலைக்கழகத்தில் தபாட்டாவும் அவருடைய குழுவினரும் முராசாகி நாற்றுகளிலிருந்து கேலஸ் எழுப்பி, அதில் நிறம் உண்டாவதை 1974-இல் வெளியிட்டனர். அந்த ஆய்வின் மதிப்பு, நிறம் வந்தது என்பதைவிட, எப்போதெல்லாம் வரவில்லை என்பதைத் துல்லியமாகப் பதிவு செய்ததில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. செல்பிரிவை விரைவாக்க ஆய்வகங்கள் வழக்கமாகச் சேர்க்கும் 2,4-டி என்ற செயற்கை ஆக்சினை (ஆக்சின் என்பது வளர்ச்சி ஹார்மோன்களில் ஒரு வகை) இட்டால் நிறம் நின்றுபோனது. இண்டோல் அசிட்டிக் அமிலம் என்ற இயற்கை ஆக்சினோடு வளர்த்த கேலஸ் சிவந்தது. வெளிச்சத்தில், குறிப்பாக நீல ஒளியில், வைத்தால் செல்கள் வெளுத்தன, இருட்டில் சிவந்தன.

செடியின் கண்ணோட்டத்தில் பார்த்தால் இதில் வியப்பில்லை. ஷிகோனின் மண்ணுக்குள் இருட்டில் இருக்கும் வேரின் பொருள். கேலஸ் தன் உருவத்தை இழந்தபோதும், ஒளி படும் இடத்தில் வேரின் வேலையைச் செய்ய வேண்டியதில்லை என்ற கட்டுப்பாட்டை அது இழக்கவில்லை.

இன்னொரு வாய்ப்பும் இங்கே சேர்ந்தது. அதைப் பலர் கடந்துபோகிறார்கள். ஒரே கேலஸில் சில பகுதிகள் அடர்சிவப்பாகவும் சில வெளிறியும் இருந்தன. ஒவ்வொரு செல்லும் சமமாக உற்பத்தி செய்வதில்லை என்பது எல்லாத் தாவர வளர்ப்புகளுக்கும் பொருந்தும் உண்மை. ஆனால் நிறமற்ற ஒரு ஆல்கலாய்டை (நைட்ரஜன் கொண்ட தாவர வேதிப்பொருளை) தேடுபவர், எந்தத் துண்டு நல்ல துண்டு என்று அறிய ஒவ்வொன்றையும் அரைத்து, சாறெடுத்து, கலவையைக் கூறுகளாகப் பிரிக்கும் குரோமட்டோகிராஃபியில் அளக்க வேண்டும். அளந்து முடித்தபோது அந்தத் துண்டு உயிரோடு இருக்காது. முராசாகி ஆய்வாளருக்கோ கண்ணே அளவுகோல். மிகச் சிவந்த துண்டைக் கத்தியால் வெட்டி எடுத்து, மீண்டும் வளர்த்து, அதிலும் சிவந்ததைத் தேர்ந்து, இவ்வாறு பல தலைமுறைகளில் நிலையான உயர்விளைச்சல் செல்வரிசைகளைப் பெற முடிந்தது. செல்களின் இந்த வேறுபாட்டைக் குறித்த கியோட்டோ குழுவின் ஆய்வு 1978-இல் வெளிவந்தது. ஷிகோனின் ஒருவேளை நிறமற்ற பொருளாக இருந்திருந்தால், இந்தக் கதை பத்து ஆண்டுகள் தள்ளிப்போயிருக்கும், அல்லது நடந்தேயிருக்காது.

அகார் விட்டுச்சென்ற புதிர்

கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகார் என்ற கூழ்ப்பொருளை இட்டு உறையவைத்த ஊடகத்தில் நன்கு சிவந்த செல்களை, அதே உப்புகளும் அதே ஹார்மோன்களும் கொண்ட நீர்ம ஊடகத்துக்கு மாற்றியபோது அவை வெளுத்துவிட்டன. தொழிற்சாலைக் கலனில் அகார் இருக்காது என்பதால் இது சிறு தடங்கல் அல்ல. திட்டமே நின்றுவிடக்கூடிய இடம்.

இதற்குத் தொழில்முறையில் ஒரு தீர்வும், அறிவியல் முறையில் ஒரு விளக்கமும் கிடைத்தன. இரண்டும் வெவ்வேறு திசைகளிலிருந்து வந்தன.

தீர்வு ஊடகத்தின் நைட்ரஜனில் இருந்தது. கேலஸ் வளர்ப்பில் பரவலாகப் பயன்படும் லின்ஸ்மையர்–ஸ்கூக் ஊடகத்தில் அம்மோனியம், நைட்ரேட் இரண்டுமே உண்டு. மிட்சுயி பெட்ரோகெமிக்கல் நிறுவனத்தில் ஃபுஜிட்டாவின் குழு வெவ்வேறு ஊடகங்களைச் சோதித்தபோது, வேர்களைத் தனியே வளர்ப்பதற்காக ஃபிலிப் ஒயிட் பல பத்தாண்டுகளுக்கு முன் உருவாக்கிய பழைய ஊடகத்தில் மட்டும் நீர்ம நிலையிலும் செல்கள் சிவந்தன. ஒயிட் ஊடகத்தில் நைட்ரஜன் நைட்ரேட்டாக மட்டுமே இருக்கிறது. அம்மோனியத்தைச் சிறிதளவு சேர்த்தாலே நிறம் ஒடுங்கியது. இதைக் கொண்டு ஒயிட் ஊடகத்தின் ஒவ்வொரு கூறையும் மாற்றி மாற்றிப் பார்த்து, செம்பின் அளவை உயர்த்தி, சல்பேட்டைச் சரிசெய்து, எம்-9 என்ற உற்பத்தி ஊடகத்தை 1981-இல் அறிவித்தனர். ஒயிட் ஊடகத்தில் கிடைத்ததைவிடப் பன்மடங்கு விளைச்சல் கிடைத்தது. ஒரு லிட்டரில் ஒரு கிராமைத் தாண்டியது. அந்நாளின் தாவரச் செல் வளர்ப்பில் ஒரு லிட்டருக்குச் சில மில்லிகிராம் கிடைத்தாலே ஆய்வுக்கட்டுரை எழுதத்தக்க செய்தி என்பதை நினைவில் கொண்டால், இந்த எண்ணின் எடை புரியும்.

விளக்கம் அகாரிலிருந்தே வந்தது. அகார் என்பது உறையவைக்கும் செயலற்ற பொருள் என்றே ஆய்வகங்கள் அதுவரை கருதிவந்தன. அதிலுள்ள அமிலத்தன்மை கொண்ட பல்சர்க்கரைகள் நீர்ம ஊடகத்திலும் செல்களைச் சிவக்கவைத்தன. தாவரச் செல்சுவரின் பெக்டினைப் பூஞ்சையோ பாக்டீரியாவோ அரிக்கும்போது சிதறும் துண்டுகளும் இதேபோன்ற அமிலச் சர்க்கரைகள்தாம். அவற்றை உணர்ந்தவுடன் தாவரம் தற்காப்பைத் தொடங்கும். ஷிகோனினோ நுண்ணுயிர்களின் வளர்ச்சியைத் தடுக்கும் பொருள். ஆக, அகார் மேல் உட்கார்ந்திருந்த செல், தன் சுவரை யாரோ கடிக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டு சிவந்திருக்கிறது என்று சொன்னால் அது மிகையாகாது. பின்னாளில் தாவரத்தின் காய அறிகுறிச் சேர்மமான மீதைல் ஜாஸ்மோனேட்டும் முராசாகிச் செல்களில் ஷிகோனினைத் தூண்டுவது கண்டறியப்பட்டபோது இந்த வாசிப்பு வலுப்பெற்றது.

இந்த நிகழ்வில் எனக்கு மிகப் பெரிய பாடமாகத் தோன்றுவது இதுதான்: ஊடகத்தை உணவுப் பட்டியலாக மட்டும் கருதி, எந்த உப்பு எவ்வளவு இருந்தால் செல் அதிகம் பெருகும் என்று கணக்கிட்டவர்கள் தோற்றார்கள். அம்மோனியம், ஒளி, 2,4-டி, அகார் என்று இங்கே வந்த ஒவ்வொன்றும் செல்லுக்கு அது எங்கே இருக்கிறது, என்ன ஆபத்தில் இருக்கிறது என்ற செய்தியைக் கொண்டுபோனது. இரண்டாம்நிலை வளர்சிதைப் பொருள்கள் செல் உயிர்வாழ்வதற்குத் தேவையானவை அல்ல. சூழலுக்கு விடையாகவே பெரும்பாலும் செய்யப்படுகின்றன. கேள்வியைக் கேட்காமல் விடையை எதிர்பார்க்க முடியாது.

இரண்டு கலன்கள்

எம்-9 ஊடகத்துக்கு ஒரு குறை இருந்தது: அதில் செல்கள் சிவந்தன, ஆனால் போதிய அளவு பெருகவில்லை. வளர்ச்சிக்கு ஏற்ற சூழலும் உற்பத்திக்கு ஏற்ற சூழலும் ஒன்றுக்கொன்று முரணாக இருந்ததால், இரண்டையும் ஒரே கலனில் சமரசம் செய்ய முயலாமல், பிரித்துவிட முடிவெடுத்தார்கள். முதற்கலன் 200 லிட்டர். அதில் பெருக்கத்துக்கான எம்ஜி-5 ஊடகம். அங்கே ஏறக்குறைய ஒன்பது நாள்கள் பெருகிய செல்களை ஊடகத்திலிருந்து பிரித்து, எம்-9 நிரம்பிய 750 லிட்டர் கலனுக்கு மாற்றி, மேலும் இரண்டு வாரம் வைத்தனர். ஆக 23 நாள்களில் அறுவடை. செல்களின் உலர் எடையில் ஷிகோனின் வகைப் பொருள்கள் 10 விழுக்காட்டைத் தாண்டின. பல ஆண்டு வளர்ந்த வேரில் இருந்தது 1 முதல் 2 விழுக்காடு என்பதை மேலே கண்டோம்.

கலனின் பொறியியலும் இலகுவானதல்ல. தாவரச் செல் பாக்டீரியாவைவிடப் பல பத்து மடங்கு பெரியது, கொத்தாகத் திரளும், பெரிய நீர்க்குமிழ் அறையும் தடித்த சுவரும் கொண்ட அதை வேகமாகச் சுழலும் துடுப்பு சிதைத்துவிடும். மெதுவாகக் கலக்கினால் அடர்ந்த குழம்பின் உள்ளே ஆக்சிஜன் சேராது. ஆக்சிஜன் குறைந்தால் ஷிகோனினும் குறையும். இதற்காக, கலனுக்குள் துடுப்பைச் சுழற்றுவதற்குப் பதிலாகக் கலனையே உருளைபோலச் சுழற்றும் வடிவமைப்பை ஜப்பானிய ஆய்வாளர்கள் முராசாகிச் செல்களில் சோதித்து, 1000 லிட்டர் அளவு வரை கொண்டுசென்றனர். செல்கள் இரட்டிப்பாக ஒரு நாளுக்கு மேல் எடுத்துக்கொள்வதால், ஒரு சுற்று வாரக்கணக்கில் நீளும்; அந்த வாரங்களில் எந்நேரமும் ஒரே ஒரு பாக்டீரியா உள்ளே நுழைந்தால், சர்க்கரை நிறைந்த அந்த ஊடகம் ஓரிரு நாளில் அதனுடையதாகிவிடும்.

ஷிகோனின் செல்லின் உள்ளே தேங்கிக் கிடப்பதில்லை என்பதும் இங்கே கைகொடுத்தது. கொழுப்பமிலங்களோடு சேர்ந்த எஸ்டர் வடிவில், எண்ணெய்த் துளிகள்போலச் செல்லின் மேற்பரப்பில் அது வந்து படிகிறது. நுண்ணுயிரைக் கொல்லும் பொருள் தன்னைச் செய்யும் செல்லை ஏன் கொல்லவில்லை என்பதற்கும், உலர் எடையில் இவ்வளவு பெரிய பங்கு எப்படிச் சேர முடிந்தது என்பதற்கும் விடை இந்த வெளியேற்றத்தில் இருக்கிறது.

1983 அளவில் உற்பத்தி வணிக நிலையை அடைந்தது. அதைத் தொடர்ந்து ஜப்பானிய அழகுசாதன நிறுவனமான கனெபோ இந்தச் சாயம் கலந்த உதட்டுச்சாயத்தை உயிர்த்தொழில்நுட்பத்தின் பெயராலேயே விற்பனைக்குக் கொண்டுவந்தது. மருந்தாக அல்லாமல் அழகுசாதனமாகச் சந்தைக்கு வந்தது தற்செயல் அல்ல. புதிய மருந்துக்கு வேண்டிய நீண்ட சோதனைகள் இல்லாமல், விலை உயர்ந்த சிறிய அளவுப் பொருள் வருவாய் தரும் இடம் அதுவாகத்தான் இருந்தது.

நித்தியகல்யாணி ஏன் மறுத்தது

ஷிகோனினுக்குப் பின் இதே வழியில் எல்லாம் வரும் என்ற நம்பிக்கை 1980-களில் பெருகியது. அதற்கு மிகக் கடுமையான மறுப்பைத் தந்தது நித்தியகல்யாணி. இதன் இலையில் இருக்கும் வின்பிளாஸ்டின், வின்கிரிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்துகள் மிக மிகச் சொற்பமானவை. ஒரு கிராம் வின்பிளாஸ்டினுக்கு ஏறக்குறைய 500 கிலோ உலர் இலை வேண்டும் என்பது வழக்கமாகக் கூறப்படும் கணக்கு. விலையையும் தட்டுப்பாட்டையும் மட்டும் வைத்துப் பார்த்தால் முராசாகியைவிடவும் சிறந்த இலக்கு.

ஆனால் வின்பிளாஸ்டின் இரண்டு பாதிகள் சேர்ந்த மூலக்கூறு. ஒரு பாதியான கேதரந்தினை மிதவைச் செல்கள் செய்தன, அதே செடியின் மற்றோர் ஆல்கலாய்டான அஜ்மலிசினையும் செய்தன. மற்றொரு பாதியான வின்டோலினை அவை செய்யவில்லை. காரணம் பின்னர் தெரிந்தது: இந்த உயிர்வேதிப் பாதை ஒரே செல்லுக்குள் நடப்பதில்லை. தொடக்கப் படிகள் இலையின் கடத்துத் திசுவை ஒட்டிய செல்களிலும், நடுப்படிகள் புறத்தோல் செல்களிலும், வின்டோலினின் இறுதிப் படிகள் பால்செல்கள் போன்ற தனிச்சிறப்புச் செல்களிலும், அதுவும் ஒளியின் துணையோடு, நடக்கின்றன. உருவத்தை இழந்த கேலஸில் இந்த வேலைப்பிரிவினைக்கு இடமே இல்லை. எந்த ஊடகத்தாலும் எந்தத் தூண்டியாலும், இல்லாத செல்வகையை வரவழைக்க முடியாது.

ஷிகோனினின் பாதை இதற்கு நேர்மாறு. ஒரு கிளை ஃபீனைல்அலனினிலிருந்து வரும் ஹைட்ராக்சிபென்சாயிக் அமிலம். மற்றொரு கிளை டெர்ப்பீன் வழியில் வரும் ஜெரனைல் பைரோபாஸ்பேட். ஒரு நொதி இவ்விரண்டையும் இணைக்க, பின்வரும் படிகள் வளையமாக்கி நிறமேற்றுகின்றன. இவை அனைத்தையும் ஒரே செல் தன்னந்தனியே செய்துமுடிக்கும். எனவே ஒரு பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் கேட்க வேண்டியது அதன் விலை அல்ல, அதைச் செய்யத் தாவரத்துக்கு எத்தனை வகைச் செல்கள் வேண்டும் என்பதே. 1980-களின் திட்டங்கள் பல இந்த வரிசையைத் தலைகீழாக வைத்தன. வின்பிளாஸ்டினின் இரு பாதிகளையும் ஈஸ்டில் செய்துகாட்டிய ஆய்வு 2022-இல் வெளிவந்தது. அது தாவரச் செல்லையே விட்டு விலகிச் செல்லும் வேறொரு பாதை.

வேர்களில் மட்டும் உருவாகும் ஸ்கோபாலமின் போன்ற ஆல்கலாய்டுகளுக்கு ஒரு நடுவழி உண்டு: அக்ரோபாக்டீரியம் ரைசோஜீன்ஸ் என்ற பாக்டீரியாவின் மரபுத்துண்டைப் பெற்று, ஹார்மோன் இல்லாமலேயே கிளைத்து வளரும் மயிர்வேர் வளர்ப்பு. வேராகவே இருப்பதால் அது வேரின் பொருளைச் செய்கிறது. பின்னிப் பிணைந்த வேர்ப்பந்தைப் பெரிய கலனில் சீராக வளர்ப்பது மட்டும் இன்னும் எளிதாகவில்லை.

யூ மரத்தில் மீண்டும் அதே பாடம்

ஷிகோனின் கற்பித்ததை மிகச் சரியாகப் பயன்படுத்திய அடுத்த நிகழ்வு பாக்ளிடாக்சல் என்ற புற்றுநோய் மருந்து. பசிபிக் யூ மரத்தின் பட்டை 1962-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் சேகரிக்கப்பட்டது. வேதியியலாளர்களான வால், வானி ஆகியோர் மூலக்கூற்றின் அமைப்பை 1971-இல் வெளியிட்டனர். சூல்பைப் புற்றுநோய்க்கான மருந்தாக 1992-இல் அனுமதி கிடைத்தது. பட்டையில் இதன் அளவு ஏறக்குறைய 0.01 விழுக்காடு, அதாவது இழப்பே இல்லையென்று வைத்துக்கொண்டாலும் ஒரு கிலோவுக்குப் பத்து டன் பட்டை. பட்டையை உரித்தால் மரம் சாகும். மெதுவாக வளரும் மரம். முழு வேதித்தொகுப்பு 1994-இல் முடிந்தாலும், அத்தனை படிகளோடு அது உற்பத்தி முறையாகவில்லை. ஐரோப்பிய யூ மரத்தின் இலையிலிருந்து ஒரு முன்பொருளை எடுத்து மருந்தாக மாற்றும் பகுதித்தொகுப்பே முதலில் நெருக்கடியைத் தீர்த்தது.

யூ மரச் செல்கள் இப்பொருளை முழுமையாகவே செய்யும். ஆனால் மிகக் கொஞ்சம். 1996-இல் வெளியான ஓர் ஆய்வில், கலப்பின யூ மரத்தின் மிதவை வளர்ப்பில் மீதைல் ஜாஸ்மோனேட்டைச் சேர்த்தபோது இரண்டு வாரத்தில் விளைச்சல் லிட்டருக்கு 28 மில்லிகிராமிலிருந்து 110 மில்லிகிராமாக உயர்ந்தது. ஐரோப்பிய யூ மரச் செல்களில் அது 0.4-லிருந்து 48 ஆனது. இந்த ஆய்வும் மிட்சுயி பெட்ரோகெமிக்கலிலிருந்தே வந்தது என்பது கவனிக்கத்தக்கது. செல்லிடம் எப்படிக் கேட்க வேண்டும் என்பதை அவர்கள் ஏற்கெனவே அறிந்திருந்தார்கள்.

பிரிஸ்டல்-மயர்ஸ் ஸ்குவிப் நிறுவனம், ஃபைட்டன் பயோடெக் நிறுவனத்தின் செல் வளர்ப்பைக் கொண்டு உற்பத்தியை மாற்றியமைத்ததற்காக 2004-இல் அமெரிக்காவின் பசுமை வேதியியல் விருதைப் பெற்றது. பகுதித்தொகுப்புக்கு 11 வேதிமாற்றங்களும் 7 பிரித்தெடுப்புகளும் தேவைப்பட்டன. செல் வளர்ப்பு முறையில் வேதிமாற்றம் எதுவுமே இல்லை, பிரித்தெடுத்துத் தூய்மையாக்குவது மட்டுமே. பத்துக் கரைப்பான்களும் ஆறு உலர்த்தல் படிகளும் நீங்கின.

ஆனால் லிட்டருக்கு 110 மில்லிகிராமை, ஷிகோனினின் ஒரு கிராமோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். கலனின் ஒவ்வொரு லிட்டரும் ஒரு நாளில் தரும் அளவைக் கணக்கிட்டால் இது 8 மில்லிகிராமுக்குச் சற்றுக் குறைவு. ஆகையால் 750 லிட்டர் கலன் இங்கே போதவில்லை. பல்லாயிரம் லிட்டர் கலன்கள் தேவைப்பட்டன. உலர் எடையின் விழுக்காட்டை மட்டும் அறிவிக்கும் கட்டுரைகளை நான் ஐயத்தோடு படிப்பதற்குக் காரணம் இதுதான்: நன்றாகப் பெருகாத செல்லில் விழுக்காடு எவ்வளவு உயர்ந்தாலும் கலன் காலியாகவே இருக்கும்.

பாக்ளிடாக்சலுக்கு நிறமில்லை. எனவே சிவந்த துண்டைக் கத்தியால் வெட்டியெடுக்கும் வழி யூ மரச் செல்களில் கிடையாது. ஒவ்வொரு வரிசையையும் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை அளக்கக் கொடுத்து, மறுபாதியை வளர்த்துக்கொண்டே காத்திருக்க வேண்டும். தேர்ந்தெடுத்த வரிசையும் மாறாமல் இருப்பதில்லை: மாதக்கணக்கில் மறுவளர்ப்புச் செய்தால், வேகமாகப் பெருகி மருந்து செய்யாத செல்கள் மெல்ல மேலோங்கிவிடும். இதைத் தடுக்க, நல்ல வரிசையைச் சிறு குப்பிகளில் பிரித்துத் திரவ நைட்ரஜனின் உதவியோடு உறையவைத்துச் செல் வங்கியாகச் சேமிக்கிறார்கள். வளர்ப்பு தளர்ந்துவிட்டது என்று அளவீடு காட்டும்போது, அந்த வங்கியிலிருந்து புதிய குப்பி ஒன்றை உருக்கி, முதலில் குடுவையிலும், பிறகு சிறு கலனிலும், பிறகு பெரிய கலனிலுமாக மீண்டும் தொடங்குகிறார்கள்.